கடைசி ஒன்று வரை

வெண்ணந்தூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தென்துருவத்துப் பெங்குவின்களைப் பற்றிப் பேச நேரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பேசும்படி ஆயிற்று. காரணம், ஒரு பூச்சி.

இது 2021-ம் வருஷத்துச் சமாசாரம். வெண்ணந்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்கும் பட்டணத்துச் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை: நாமக்கல் ஜில்லாவில், ராசிபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவே. (ஆட்டையாம்பட்டி என்றதும் உங்களுக்கு முறுக்குத்தானே ஞாபகம் வருகிறது? எனக்கும் அப்படியே. இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் போனேன்.) தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம். அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிற இடத்தில் குச்சிக்கிழங்குக் காடு தொடங்கிவிடும். நாம் மரவள்ளி என்று சொல்வதைத்தான் அங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள். பொருத்தமான பெயர். விதை வேண்டாம், சென்ற வருஷத்துத் தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கி நட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. நீங்கள் பாயசத்தில் போடுகிற ஜவ்வரிசி இருக்கிறதே, அது பெரும்பாலும் சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் இந்தக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, அந்த மாவை உருட்டி வறுத்ததுதான்.

அத்தைக்கு அலவாய்மலைப் பக்கம் ஒன்றரை ஏக்கர். மாமா காலமான பிறகு அவரே முன் நின்று பார்த்துக்கொள்கிறார். கிழங்குப் பணத்தில்தான் பேத்தியின் காலேஜ் சம்பளம் கட்டியாக வேண்டும். போன அன்றைக்கே, காப்பி ஆறுவதற்குள் என்னைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பாரு கண்ணு, குருத்தெல்லாம் முடிச்சுப் போட்டாப்பல நிக்குது. மருந்தடிச்சுப் பாத்தாச்சு. பத்து நாள் சும்மா இருக்குது, மறுக்கா வந்துருது."

இலையைத் திருப்பினார். மாவைத் தூவினாற்போல் அடியெல்லாம் வெள்ளை. அந்த மாவுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன மாவுப்பூச்சிகள். வளர வேண்டிய நுனிகள் எல்லாம் சுருண்டு, சிக்குப் பிடித்த தலைமுடி போல இருந்தன. வரப்பிலிருந்து பார்த்தால், அடுத்தவர் காட்டிலும் அதே கோலம்.

"ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல எறங்கி, கடைசி ஒண்ணு வரைக்கும் நசுக்கிப் போட்டுட்டா தீந்துது பாரு. அப்படி எங்கியுமே யாரும் செஞ்சதில்லையா, கண்ணு? நீதான் பத்திரிகையில வேல பாக்கறியே!"

பத்திரிகையில் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையாகவே, அப்படிச் செய்த இடம் ஒன்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அத்தைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா. அதற்கும் தெற்கே, தென்துருவக் கண்டத்துக்குப் போகிற வழியில் ஏறக்குறையப் பாதித் தூரத்தில், நடுக்கடலில் ஒற்றையாக நிற்கிறது மக்காரித் தீவு. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 5. மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. உயரமான புல்லும், முட்டைக்கோசு மாதிரி அகன்ற இலை விடும் ஒரு செடியும்தான். பெங்குவின்கள் லட்சக்கணக்கில் அங்கே குஞ்சு பொரிக்கின்றன. மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகளும் உண்டு. ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்களைத் தவிர மனிதர் இல்லை.

1810-ல் சீல் வேட்டைக்காரர்களின் கப்பல் அந்தத் தீவைக் கண்டது. அதற்குப் பிறகு கப்பல் மேல் கப்பல். கப்பலோடு எலி வந்தது, சுண்டெலி வந்தது. எலிக்காகப் பூனையும் வந்தது. 1870-களில், இறைச்சிக்கு ஆகும் என்று முயலைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கோவணத்தை எலி கடித்ததற்காகப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டுக்காகக் கல்யாணம் செய்துகொண்ட சாமியார் கதை உங்களுக்குத் தெரியும். உங்கள் குழந்தைகளுக்கும் சொல்லியிருப்பீர்கள். மக்காரியில் நடந்தது அந்தக் கதையே. ஒரு வித்தியாசம்: இங்கே சாமியார் சில காலத்தில் கப்பலேறிப் போய்விட்டார். பூனையும் எலியும் முயலும் தீவிலேயே குடித்தனம் நடத்தின.

தீவுப் பறவைகள் பூனையைக் கண்டதே இல்லை. பயப்பட வேண்டும் என்றுகூட அவற்றுக்குத் தெரியாது. அங்கே மட்டும் வாழ்ந்த ஒரு கிளி இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பூண்டோடு போய்விட்டது. முயல்களோ புல்லையெல்லாம் வேரோடு மேய்ந்தன. 1978 முதல் முயல்களுக்கு மட்டும் நோய் கொடுக்கும் ஒரு கிருமியைப் பரப்பி அவற்றைக் குறைத்தார்கள். முயல் குறைந்ததும் பூனைகளுக்குச் சாப்பாட்டுக் கஷ்டம். அவை கடற்பறவைகள் மேல் திரும்பின. வருஷத்துக்குச் சுமார் 60,000 பறவைகள் பூனை வாயில் போகின்றன என்று கணக்கிட்டார்கள். சரி, பூனையை ஒழிப்போம் என்று 1985-ல் ஆரம்பித்து, கடைசிப் பூனையை 2000-ல் தீர்த்தார்கள்.

அப்பாடா என்று உட்கார முடிந்ததா? பூனை போனது, முயல் கிருமியின் வேகமும் தணிந்துபோயிருந்தது. முயல்கள் மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டின. மலைச்சரிவெல்லாம் மொட்டையாகி, பிடிமானம் இல்லாத மண் 2006-ல் மழையில் சரிந்து பெங்குவின்கள் கூடும் இடத்தின் மேலேயே விழுந்தது. பூனையை எடுத்ததுதான் தப்பா, கிருமி ஓய்ந்ததுதான் காரணமா என்று விஞ்ஞானிகள் ஒருவரோடொருவர் வாதாடினார்கள். எனக்கு என்னவோ, வீட்டில் சாமான் ஒழிக்கும்போது எதை முதலில் நகர்த்துவது என்று தெரியாமல் திண்டாடுகிற நம் நிலைமைதான் ஞாபகம் வந்தது.

இங்கே அத்தை குறுக்கிட்டார். "அப்ப மூணையும் ஒரே தடவையா எடுத்திருக்கணும்."

அதைத்தான் பிறகு செய்தார்கள். முயல், எலி, சுண்டெலி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு. 2010-ல் ஒரு முறை தொடங்கி, மழையும் காற்றும் விடாததால் திரும்பிவிட்டார்கள். 2011-ல் மறுபடி போனார்கள். பறவைகள் பல வெளியே போயிருக்கும், முயலுக்கும் எலிக்கும் தீனி பஞ்சமாக இருக்கும் என்று பார்த்துக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹெலிகாப்டரில் விஷத்தீனியைத் தொங்கவிட்டுத் தீவு முழுவதும் கோடு போட்டாற்போல் தூவினார்கள். கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கோலம் கெடும். இங்கே ஒரு புள்ளி விட்டுப்போனால் அந்த இடத்து எலி ஜோடி பிழைத்துவிடும். மறு வருஷம் பார்த்தால் தீவு முழுவதும் அதன் பேரன் பேத்திகள்!

குழந்தையின் தலையில் பேன் பார்த்திருக்கிறீர்களே, அதே விஷயந்தான். தொண்ணூற்றொன்பதை எடுத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த ஒன்றுதான் கணக்கு.

விஷம் தூவியதில் பிழைத்த முயல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே. அந்தச் சிலவற்றைத் தேடி ஆட்களும் பழக்கிய நாய்களும் மலையும் பள்ளமுமாக, மழையிலும் பனியிலும், மாதக்கணக்கில் நடந்தார்கள். பிறகு ஒன்றும் கிடைக்காமலே இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் தேடினார்கள். 2014 ஏப்ரலில்தான், தீவில் இப்போது முயலும் இல்லை, எலியும் இல்லை என்று அறிவித்தார்கள். செலவு சுமார் இரண்டரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர்.

இன்னொரு செலவும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. செத்த முயலையும் எலியையும் தின்ற பறவைகள், இரண்டாயிரத்துக்கு மேல், அந்த விஷத்தாலேயே மாண்டன. எந்தப் பறவைகளைக் காப்பாற்றப் போனார்களோ அவற்றின் தோழர்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. முயல் என்ன பாவம் செய்தது, அதுவாகவா கப்பலேறி வந்தது என்றும் கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அத்தையும் கேட்டார். வளைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் பறவைக் குஞ்சை எலி உயிரோடு கடித்துத் தின்கிறது என்பதையும் நான் சொன்ன பிறகு, கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஹெலிகாப்டர் பக்கந்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அந்தப் பறவைகளுக்கு வேறு தீவு கிடையாது. முயலுக்கு உலகமே இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 'இல்லை' என்பதை நிரூபிக்கிற கட்டம். இருக்கிறது என்று காட்ட ஒரு எலி போதும். இல்லை என்று எப்படிக் காட்டுவது? அட்லாண்டிக் சமுத்திரத்தின் தென்கோடியில் தெற்கு ஜார்ஜியா என்று இன்னும் பெரிய தீவு. 160 கிலோமீட்டருக்கு மேல் நீளம். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வந்த எலிகளை ஒழிக்க 2011 முதல் 2015 வரை மூன்று தடவையாக அங்கேயும் விஷத்தீனி தூவினார்கள். நல்ல வேளையாகப் பனியாறுகள் இறங்கித் தீவைப் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தன. எலி பனியாற்றைத் தாண்டாது. அதனால் ஓர் அறையைப் பெருக்கிக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போவதுபோல வேலை நடந்தது.

எல்லாம் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகு, தீவெங்கும் சாதனங்களை வைத்தார்கள். அவற்றுள் ஒன்று, நிலக்கடலை வாசனை ஏற்றிய மெழுகு. எலி இருந்தால் கடிக்காமல் போகாது, பல் பதிந்துவிடும். (நம் ஊர் எலியானால் மசால்வடைதான் வைக்க வேண்டும்.) அதோடு, எலி வாசனை பிடிக்கப் பழகிய மூன்று நாய்களை அழைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் அந்தப் பனிக்காட்டில் 1,600 கிலோமீட்டர் நடந்தார்கள். எதையாவது கண்டுபிடிக்கவா? இல்லை, ஒன்றையும் கண்டுபிடிக்காமல் இருப்பதற்காக! அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்ததுதான் அந்த முயற்சியின் வெற்றி. 2018 மே மாதம் எலி இல்லை என்று அறிவித்தார்கள். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு சின்னஞ்சிறு பாடும் பறவை, எலிக்குப் பயந்து ஓரத்துக் குட்டித்தீவுகளில் ஒண்டிக்கொண்டிருந்தது, மறுபடி பெரிய தீவில் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அங்கே இறங்குகிற யாத்திரிகர்களின் பூட்ஸ் அடிப்பாகத்தையும் சட்டைப் பையையும் ஒரு விதை இல்லாமல் துருவிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரங்க ஊரு. நம்ம பக்கத்துல?" என்றார் அத்தை.

நம் பக்கத்திலும் உண்டு. ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது, வலப்பக்கம் தெற்கே கொஞ்சம் கண்ணை ஓட்டினால் தாழ்வாக, பச்சையாக ஒரு தீவு தெரியும். அதுதான் குருசடை. அங்கிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். குருசடையின் பெருமை அதற்கும் முந்தியது. அந்த ஒரு குட்டித்தீவின் கரையோர ஜீவராசிகளைப் பற்றி மட்டுமே 1927-ல் சென்னை அருங்காட்சியகம் ஒரு புத்தகம் வெளியிட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே அழைக்காமல் வந்த விருந்தாளி எலியும் அல்ல, முயலும் அல்ல. ஒரு கடற்பாசி. கப்பாஃபைகஸ் என்று அதற்கு வாயில் நுழையாத பெயர். பிலிப்பைன்ஸ் தீவுகள் அதற்குப் பூர்வீகம். அதிலிருந்து எடுக்கிற காராஜீனன் என்ற வழவழப்பான பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேருகிறது. இன்று காலை நீங்கள் பல் துலக்கும்போதே அதைச் சந்தித்திருக்கலாம். அதனால் நம் நாட்டிலும் வளர்க்கலாம் என்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் கொண்டுவந்து, 1990-களில் மண்டபம் கரையில் பரிசோதனை நடத்தினார்கள். 2000-ஐ ஒட்டிப் பெப்ஸி கம்பெனி இதில் இறங்கியது. மூங்கிலில் மூன்று மீட்டர்ச் சதுரமாகத் தெப்பம் கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்க விட வேண்டும். குச்சிக்கிழங்கு மாதிரியேதான்: விதை வேண்டாம், துண்டு போதும். 45 நாளில் வைத்ததுபோல் நாலு மடங்கு. பாக் விரிகுடாக் கரையில் மகளிர் குழுக்கள் பல இதை எடுத்துக்கொண்டன. பெப்ஸி பாசி என்றே அதற்குப் பெயராகிவிட்டது. சொந்தக் கையில் காசு பார்த்திராத எத்தனையோ பெண்கள் இதனால் பார்த்தார்கள். இதை நாம் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

ஆனால் துண்டு போதும் என்கிற குணந்தான் வினையும் ஆயிற்று. கயிற்றிலிருந்து அறுந்த துண்டு நீரோட்டத்தோடு போகும். போய் ஒட்டிய இடத்தில் வளரும். பாசித் தெப்பங்களைப் பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் போடலாம் என்று 2005-ல் தமிழக அரசு உத்தரவிட்டது. 2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், குருசடையில் அந்தப் பாசி உயிருள்ள பவளப்பாறைகளைப் போர்த்திவிட்டது என்று எழுதினார்கள். பவளம் பார்ப்பதற்குக் கல் போல இருந்தாலும் பிராணி. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு சமைத்துப் போடுகிறது. மேலே தடித்த பாசி பாய் விரித்தால் வெயில் ஏது? அடுப்பு அணைந்த வீடு மாதிரி ஆகிவிடும். அப்படி ஒன்றும் பெரிதாகப் பரவவில்லை, சிறிய பரப்பில்தான் இருக்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். ஆனாலும் பிற்பாடு பக்கத்துத் தீவுகளிலும் அது தென்பட்டது.

வனத்துறையார் ஆட்களை மூழ்கவிட்டு அதைக் கையால் பெயர்த்து எடுக்கிறார்கள். இங்கே ஹெலிகாப்டர் இல்லை, விஷம் இல்லை. கடலில் விஷம் போட முடியுமா? பவளக் கிளைகளின் இடுக்கில் விரலை விட்டு, பவளம் ஒடியாமல், பாசியும் துண்டாகிச் சிதறாமல், கொத்துக் கொத்தாகச் சாக்கில் சேர்த்துக் கரையேற்ற வேண்டும். நகக்கண் அளவு தங்கினாலும் மறுபடி துளிர்க்கும். ஆகவே ஒரு முறை எடுத்த இடத்தில் மறுமுறையும், அதற்கு மறுமுறையும் இறங்க வேண்டியிருக்கிறது. மக்காரியில் சொன்னதுபோல் 'இனி இல்லை' என்று குருசடையில் இதுவரை சொல்ல முடியவில்லை.

இந்த விஷயத்தில் என் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. மக்காரி முயலுக்காகப் பரிந்து பேச ஒரு குடும்பமும் இல்லை. பெப்ஸி பாசிக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறிப் பாசியில் நோய் விழுந்து விளைச்சல் சரிந்தபோது அந்தப் பெண்களின் அடுப்புத்தான் முதலில் தணிந்தது. அதே பகுதியில், சின்னப்பாலம் போன்ற ஊர்களில், தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கி, நம் கடலிலேயே தானாக விளையும் பாசியைச் சேகரித்து வந்த பெண்களும் இருக்கிறார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு அவர்கள் தொழிலுக்கு ஆயிரம் கட்டுப்பாடு. வெளியூர்ப் பாசிக்குத் தெப்பமும் கடனும் கொடுத்து, உள்ளூர்ப் பாசி எடுப்பவளைப் 'போகாதே' என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? 2023-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் கடற்பாசிப் பூங்கா ஒன்றுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே வெளியூர்ப் பாசியோடு நிறுத்தாமல், உள்ளூர்ப் பாசி வகைகளையும் தெப்பத்தில் ஏற்றிப் பழக்கினால் கரைக்கும் தீவுக்கும் சண்டை குறையும் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அத்தை தம் கேள்விக்கே திரும்பி வந்தார். "எங்காட்டுப் பூச்சிக்கு ஒரு வழியும் சொல்லலையே?"

வழி சொல்ல வேண்டியிருந்தது. வெண்ணந்தூரைச் சுற்றிக் கடல் இல்லை, அதுதான் சங்கடம். அத்தை காட்டில் கடைசி ஒன்றையும் நசுக்கினாலும், காற்றிலும் பக்கத்துக் காட்டுக் குச்சியிலும் அடுத்தது வந்து சேரும். அதோடு இந்த மாவுப்பூச்சிக்கு ஒரு விசேஷம். இதில் ஆண் இனமே கிடையாது! எல்லாம் பெண். துணை இல்லாமலே ஒன்று நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தீவில் கடைசி ஜோடியைத் தேடினார்கள். இங்கே ஜோடிகூட வேண்டாம், ஒன்று போதும்.

குச்சிக்கிழங்கைப் போலவே இதற்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா. கிழங்கு முன்னாலேயே கடல் கடந்து வந்துவிட்டது. பூச்சி பிந்தி வந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியே அன்றாட ஆகாரமாக உள்ள ஜனங்களைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒரு சுலபமான கேள்வி கேட்டார்: பிறந்த ஊரில் இந்தப் பூச்சி ஏன் இப்படி அட்டகாசம் செய்யவில்லை? அங்கே அதற்கு ஒரு மாமியார் இருக்க வேண்டுமே! தேடினார்கள். 1981-ல் பராகுவே நாட்டில் அகப்பட்டது, எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து தின்று, கூடாகிப்போன தோலில் துவாரம் போட்டுக்கொண்டு வெளியே வரும். வேறு பூச்சி வகைகளைத் தேடி அலைவதில்லை. ஆப்பிரிக்காவில் அதைப் பெருக்கிவிட்டுப் பயிரை மீட்டதற்காக 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

நம் நாட்டில் 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி அதே வருஷம் சேலம், நாமக்கல் பக்கம் வந்துவிட்டது. பெங்களூரில் உள்ள பூச்சி வள ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்து, வேறு வம்பு செய்யுமா என்று பூட்டிய அறைக்குள் வைத்துப் பரீட்சித்தார்கள். பூனை கதை அவர்களுக்கும் தெரியும் அல்லவா? 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன் முதலாகத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் போயிற்று.

அத்தை காட்டுக்கும் வந்தது. மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் குளவியும் சாகும் என்று சொன்னதை நம்ப அவருக்கு ஒரு போகம் பிடித்தது. "சும்மா இருன்னு சொல்றதுக்கா இத்தனை படிச்சாங்க?" என்று கேட்டார். பிறகு குருத்துகள் நிமிர்ந்தன. பேத்தி இரண்டாம் வருஷம் சம்பளம் கட்டினாள்.

போன மாதம் கைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல்.

"கண்ணு, காடு பூரா தேடிட்டேன். கெழக்கால வரப்போரம் ஒரே ஒரு செடியிலதான் மாவு இருக்குது. அதையும் புடுங்கித் தீ வெச்சிட்டா தீந்துது. வெக்கட்டுமா?"

"வேண்டாம் அத்தை, அது அப்படியே இருக்கட்டும்."

"ஏன்? நீதானே கடைசி ஒண்ணு வரைக்கும்னு அந்த முயல் கதையெல்லாம் சொன்னே!"

"அது தீவு, அத்தை. இங்கே அதையும் எடுத்துட்டா குளவி எதைத் தின்னும்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்னால் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி, அந்த ஒரு செடிக்கும் சேத்தே தண்ணி கட்டறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.